கத்தோலிக்க நம்பிக்கையும் வழிபாடும்: புதிதாக அறிய வருகிறவர்களின் கேள்விகள்

கத்தோலிக்கர் ஒருவரை மணக்கவிருப்பவர்கள், நண்பர் வீட்டு அடக்கத் திருப்பலிக்குப் போய்விட்டு ஒன்றும் விளங்காமல் திரும்பியவர்கள், வேறு கிறிஸ்தவ சபைகளில் வளர்ந்தவர்கள், எந்தச் சமயத்தையும் சாராமல் ஆவலால் மட்டுமே வருகிறவர்கள் என யாராக இருந்தாலும், மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம். விடைகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்க வாழ்வில் நீங்கள் காணும் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது விசுவாசக் கோட்பாடு. எந்தத் திருத்தந்தையாலும் (போப்) அதை மாற்ற முடியாது. திருப்பலி என்னும் வழிபாட்டில் தரப்படும் அப்பமான நற்கருணையை உட்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருப்பது ஒழுங்குமுறை. அது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. செபமாலை சொல்வது பக்தி முயற்சி. அதைச் சொல்லாதவர் கத்தோலிக்கர் அல்லர் என்று ஆகிவிடாது. புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால் வருவது.

கத்தோலிக்கம் தனிச் சமயமா, கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவா?

கிறிஸ்தவமே. இயேசுவைக் கடவுளின் மகன் என்று ஏற்று, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குப் பெற்ற சமூகங்களுள் எண்ணிக்கையில் மிகப் பெரியது கத்தோலிக்கத் திருச்சபை. ‘கத்தோலிக்க’ என்பதன் கிரேக்க மூலச்சொல்லுக்கு ‘முழுமைக்கும் உரிய’ என்று பொருள். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் (பிஷப்) இஞ்ஞாசியார் எழுதிய கடிதம் ஒன்றிலேயே அது திருச்சபைக்கு அடைமொழியாக வந்துவிட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பிரிவை 1054-ஆம் ஆண்டோடும், சீர்திருத்த சபைகளின் பிரிவை 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய விவாதத்தோடும் சேர்த்துப் பேசுவது வழக்கம். உண்மையில் இரண்டுமே நெடுங்காலம் புகைந்து பின்னர் பற்றியவை.

உரோமையோடு ஒன்றித்திருக்கும் எல்லாரும் ஒரே வழிபாட்டு முறையைப் பின்பற்றுவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கிறது. இலத்தீன் திருச்சபையைத் தவிர 23 கிழக்கத்தியத் திருச்சபைகளும் கத்தோலிக்க ஒன்றிப்பில் உள்ளன. அவற்றின் வழிபாடும் சட்டத் தொகுப்பும் வேறு, விசுவாசம் ஒன்று. கீழே வரும் வழிபாட்டு விவரங்கள் இலத்தீன் முறைக்கு உரியவை.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் புழங்குகின்றனவே, ஏன்?

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இரண்டு தலைமுறைச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. பழைய செபப் புத்தகங்கள் வடமொழிச் சாயலில் அமைந்தவை. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு மக்கள் மொழிகளுக்கு வந்தபோது தமிழாக்கங்களும் புதிய சொற்களை நாடின. ஆகவே ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்றே. பாவத்தைக் குருவானவரிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதைக் குறிக்கும் பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும் ஒன்றே. பாப்பரசர் என்றாலும் திருத்தந்தை என்றாலும், மேற்றிராணியார் என்றாலும் ஆயர் என்றாலும் ஒருவரையே குறிக்கும். பாட்டி “பூசைக்கு நேரமாயிற்று” என்பார். பேத்தி “திருப்பலிக்கு” என்பாள். இருவரும் போவது ஒரே பீடத்தின் முன்னால்தான். பழைய சொற்களில் மிகவும் மிரட்டுவது ‘தேவதிரவிய அனுமானம்’. கடவுளின் அருளைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தின் வழியாகத் தரும் சடங்கு என்று பொருள். இன்று அதை அருளடையாளம் என்கிறோம். புதிய சொல் நன்று என்பதே என் எண்ணம். ஆனால் பழையதைச் சொல்கிறவரைத் திருத்தப் போகாதீர்கள்.

கத்தோலிக்கர் எதை நம்புகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அந்த வேலையைத் திருச்சபையே செய்து வைத்திருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் மறையுரைக்குப் பின் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் நம்பிக்கை அறிக்கைதான் அந்தச் சுருக்கம். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் கூடிய பொதுச்சங்கங்களில் உருவானது அது. ஒரே கடவுள், அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறார், மகன் மனிதரானார், சிலுவையில் இறந்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார், திருமுழுக்கு ஒன்று, திருச்சபை ஒன்று, இறந்தோர் உயிர்த்தெழுவர். பிற எல்லாம், இயேசுவின் தாய் மரியாவைப் பற்றிய போதனை உட்பட, இவற்றிலிருந்து கிளைப்பவை. ஆகவே புதியவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இயேசு யார் என்பதைத்தான். மெழுகுவர்த்தி எதற்கு என்பது பிறகு வரட்டும்.

கத்தோலிக்க விவிலியத்தில் நூல்கள் அதிகமாக இருப்பது ஏன்?

கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன: பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27. சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் 66. வேறுபாடு முழுவதும் பழைய ஏற்பாட்டில்தான். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழு நூல்களும் எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாகத் தொடக்கத் திருச்சபைக்கு வந்தவை. அவற்றை இறைவாக்காகவே ஏற்பதாக 1546-இல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது. இந்த நூல்கள் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் கையளிக்கப்பட்ட மரபுக்குள் பிறந்தவை என்பதால், விவிலியத்தையும் அந்தத் திருமரபையும் கத்தோலிக்கர் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘விவிலியத்தில் அப்படியே எழுதியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஒரு கத்தோலிக்கர் தடுமாறினால், அவருக்கு விவிலியம் தெரியாததால் மட்டும் அல்ல; கேள்வியின் அடிப்படையே அவருக்குப் புதியது. (தெரியாமலும் இருக்கலாம், அதையும் மறுப்பதற்கில்லை.)

திருப்பலியில் என்னதான் நடக்கிறது?

இரண்டு பெரும் பகுதிகள்: இறைவாக்கு வழிபாடு, நற்கருணை வழிபாடு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி மலைப்பு தீர்ந்துவிடும்.

தொடக்கத்தில் சிலுவை அடையாளம், பாவ மன்னிப்பு வழிபாடு, சபை மன்றாட்டு. பிறகு எல்லாரும் அமர்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் வாசகம் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து, பதிலுரைப்பாடல் திருப்பாடல்களிலிருந்து, இரண்டாம் வாசகம் திருத்தூதர்களின் மடல்களிலிருந்து வரும். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அப்போது பக்கத்தில் நிற்பவரின் கையைக் கவனியுங்கள்: கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிறு சிலுவை வரைந்துகொள்வார். கேட்பது அறிவில் பதியவும், வாயால் அறிக்கையிடவும், உள்ளத்தில் தங்கவும் வேண்டும் என்ற மன்றாட்டு அந்த மூன்று கோடுகளில் இருக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்தவை. முதலாண்டில் மத்தேயு, அடுத்ததில் மாற்கு, மூன்றாவதில் லூக்கா முதன்மையாக வாசிக்கப்படும். யோவான் மூன்று ஆண்டுகளிலும் ஊடே வருவார்.

மறையுரை, நம்பிக்கை அறிக்கை, பொது மன்றாட்டுகள் முடிந்ததும் கவனம் பீடத்துக்கு நகர்கிறது. அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவரப்படும். இரசத்தில் குருவானவர் சில துளி தண்ணீர் கலப்பதைப் பின்வரிசையில் இருப்பவர்கள் பார்ப்பதே இல்லை. மனிதரின் இயல்பில் பங்குகொண்ட கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்று தாழ்ந்த குரலில் வேண்டிக்கொண்டே அதைச் செய்கிறார். நற்கருணை மன்றாட்டில் காணிக்கைகளின்மேல் கைகளை விரித்துத் தூய ஆவியை வேண்டுகிறார். இறுதி இரவுணவில் இயேசு சொன்ன சொற்களைச் சொல்லி, அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுகிறார். முழந்தாளில் இருக்கும் கூட்டம் அந்நேரம் அசையாது. அதன்பின் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற செபம், அமைதி வாழ்த்து, அப்பத்தைப் பிட்குதல், நற்கருணை விருந்து.

விருந்துக்கு முன் எல்லாரும் சொல்லும் ஒரு வரி உண்டு: ஆண்டவர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற கருத்தில் அமைந்தது. மத்தேயு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் தன் ஊழியனுக்காக வந்து நிற்கும் நூற்றுவர் தலைவனின் சொற்கள் அவை. அவன் யூதன் அல்லன், உரோமைப் படையினன். கூட்டத்துக்கு வெளியே நின்றவனுடைய சொற்களைத்தான் உலகெங்கும் கத்தோலிக்கர் இன்றும் நற்கருணைக்கு முன் தங்கள் வாயில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறது என்று நம்புகிறார்களா, அல்லது அது வெறும் அடையாளமா?

உண்மையிலேயே என்றுதான் திருச்சபை போதிக்கிறது. மணம், சுவை, எடை, தோற்றம் எதுவும் மாறுவதில்லை; ஆய்வுக்கூடத்தில் வைத்தால் கோதுமை அப்பம் என்றே முடிவு வரும். ஆனால் அது எதுவாக இருக்கிறதோ அந்த உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது என்பது போதனை. இம்மாற்றத்தைக் குறிக்கும் இலத்தீன் கலைச்சொல்லை 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் கையாண்டது. 16-ஆம் நூற்றாண்டில் திரெந்து சங்கம் அதை விரித்துரைத்தது. நம்பிக்கை அச்சொல்லைவிடப் பழையது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியில் ஒரே முறை நிகழ்ந்த பலி திருப்பலியில் திரும்பச் செய்யப்படுவதில்லை, அதே பலி இங்கே நிகழ்காலமாகிறது என்பதும் இதோடு சேர்ந்தது.

ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் கோவிலில் காணும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. நற்கருணை வழங்கி முடித்ததும் உடனே பாடற்புத்தகத்தைப் புரட்டாமல் பீடத்தைப் பாருங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் துகள்களைக் குருவானவர் கிண்ணத்துக்குள் துடைத்து விடுகிறார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சுழற்றி, அந்தத் தண்ணீரையும் குடித்து, துணியால் துடைக்கிறார். ஒரு துகள்கூட வீணாகத் தரையில் விழக்கூடாது என்ற அந்தக் கவனம் ஓர் அடையாளப் பொருளுக்குக் காட்டும் கவனம் அன்று. எஞ்சிய நற்கருணை பேழையில் வைத்துப் பூட்டப்படும். அருகே அணையா விளக்கு எரியும். கத்தோலிக்கர் இருக்கையில் அமருமுன் வலது முழங்கால் தரையைத் தொட மண்டியிடுவது அந்தப் பேழையை நோக்கித்தான், சுரூபங்களை (சிலைகளை) நோக்கி அன்று.

நானும் வரிசையில் போய் நற்கருணை வாங்கலாமா?

கத்தோலிக்கர் அல்லாதவர் வாங்குவதில்லை. விருந்தோம்பல் குறைவு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். “கிறிஸ்துவின் உடல்” என்று குருவானவர் சொல்ல, “ஆமென்” என்று விடையளிப்பது, மேலே சொன்ன விசுவாசம் முழுவதற்கும் ஒப்புதல் தருவதாகும். நம்பாத ஒன்றுக்கு உங்களைக் கையொப்பமிட வைக்கத் திருச்சபை விரும்புவதில்லை. ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும், மரண ஆபத்து போன்ற நெருக்கடியில் பிற கிறிஸ்தவருக்கும் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. கனமான பாவ நிலையில் இருப்பதாக உணரும் கத்தோலிக்கரும் ஒப்புரவு பெறும்வரை வாங்குவதில்லை. ஆகவே இருக்கையிலேயே இருந்துவிட்டால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

எப்போது எழுவது, எப்போது உட்காருவது?

முன்வரிசையில் உட்காராதீர்கள், முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். முழந்தாளிட விருப்பமோ உடல்நிலையோ இல்லையென்றால் அமைதியாக அமர்ந்திருக்கலாம். தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் இடுவது திருமுழுக்கின் நினைவு. திருமுழுக்குப் பெறாதவருக்கு அது கடமை அன்று.

அருளடையாளங்கள் எத்தனை?

ஏழு. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது), நற்கருணை ஆகிய மூன்றும் புகுமுக அருளடையாளங்கள். ஒப்புரவும் நோயில்பூசுதலும் குணமளிப்பவை. குருத்துவமும் திருமணமும் பணிக்கானவை. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருத்துவம் மூன்றையும் வாழ்நாளில் ஒரே முறைதான் பெற முடியும். நோயில்பூசுதலைப் பழைய வழக்கில் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றதால், எண்ணெயோடு குருவானவர் வந்துவிட்டாலே முடிவு நெருங்கிவிட்டது என்று அஞ்சுகிறவர்கள் இன்றும் உண்டு. கடும் நோயின்போதும் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் அதைப் பெறலாம், பிறகு மீண்டும் பெறலாம்.

கடவுளிடமே நேராக மன்னிப்புக் கேட்கலாமே, ஒரு மனிதரிடம் ஏன் பாவத்தைச் சொல்ல வேண்டும்?

நேராகவும் கேட்கிறார்கள், ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும் என்றுதான் கற்பிக்கப்படுகிறது. ஒப்புரவு அதற்கு மேல் ஒன்று. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதாக யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் தருகிறது. மன்னிக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும் என்பது இயல்பான முடிவு. குருவானவர் தம் பெயரால் மன்னிப்பதில்லை, கிறிஸ்துவின் பெயரால் மன்னிக்கிறார்.

நடைமுறை எளியது. மறைப்புத் தட்டிக்குப் பின்னாலோ முகத்துக்கு முகமாகவோ அமர்ந்து, கடைசியாக எப்போது ஒப்புரவு பெற்றோம் என்று தொடங்கி, நினைவுக்கு வந்த கனமான பாவங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கதை வேண்டாம்; அடுத்தவர் பாவமும் வேண்டாம் (மாமியாரின் பாவங்களை விரிவாகச் சொல்லித் தம்முடையதை மறந்துவிடுகிறவர்களைப் பற்றி எல்லாக் குருக்களும் சிரித்துக்கொண்டே பொதுவில் சொல்வதுண்டு). பின் மனத்துயர் செபம், குருவானவரின் பாவமன்னிப்பு, செய்ய வேண்டிய பரிகாரம். கனமான பாவம் என்பதற்கு மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: செயல் கனமானதாக இருத்தல், அது தவறு என்று முழுமையாக அறிந்திருத்தல், மனமாரச் செய்தல். அப்படிப்பட்ட பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்ற விதி 1215-இலிருந்து வருகிறது.

கேட்டதை வெளியே சொல்லக் குருவானவருக்கு எந்தச் சூழலிலும் உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தாலும் இல்லை. நேரடியாக வெளியிட்டால் அவர் அக்கணமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து தம்மை வெட்டிக்கொண்டவர் ஆகிறார். திருமுழுக்குப் பெறாதவர் இந்த அருளடையாளத்தைப் பெற முடியாது, ஆனால் குருவானவரிடம் மனம் விட்டுப் பேச யாருக்கும் தடையில்லை.

மரியாவையும் புனிதர்களையும் வழிபடுகிறார்களா?

புதியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. புனிதர்களுக்குத் தருவது வணக்கம். மரியாவுக்குத் தருவது அதனினும் சிறப்பான வணக்கம், ஆனாலும் வணக்கமே. பேச்சுத் தமிழில் ‘கும்பிடுவது’ என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால், வேறுபாட்டைத் தெரிந்தவர்கூட அதைச் சொல்லத் தடுமாறுகிறார். செபங்களின் சொல்லமைப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: கடவுளிடம் ‘எங்கள்மேல் இரக்கமாயிரும்’ என்பார்கள், புனிதர்களிடம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பார்கள். நண்பரிடம் ‘எனக்காகச் செபியுங்கள்’ என்று கேட்பதைப் போன்றதே அது. இறந்தவர்கள் கடவுளில் வாழ்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் அதைச் சாத்தியமாக்குகிறது.

சுரூபங்கள் குறித்த சர்ச்சை பழையது. படங்களை உடைக்கும் இயக்கம் கிழக்கே ஓங்கியிருந்த காலத்தில், 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளையே சேர்கிறது என்று தீர்ப்பளித்தது. ‘கடவுளின் தாய்’ என்ற பட்டம் 431-இல் எபேசு சங்கத்தில் உறுதியானது; அங்கே விவாதிக்கப்பட்டது மரியாவின் பெருமை அன்று, அவர் வயிற்றில் உருவானவர் கடவுளா என்பதே. அமல உற்பவம் 1854-இலும், மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்னும் விண்ணேற்பு 1950-இலும் கோட்பாடுகளாக அறிவிக்கப்பட்டன. அமல உற்பவம் என்பது இயேசுவின் கன்னிப் பிறப்பைக் குறிப்பதன்று. மரியா தம் தாயின் வயிற்றில் உருவானபோதே, மனிதர் எல்லாரும் பிறக்கும்போதே சுமக்கும் பிறப்புநிலைப் பாவத்திலிருந்து காக்கப்பட்டார் என்பதையே குறிக்கிறது. கத்தோலிக்கராகவே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் இதில் தவறுகிறார்கள்.

நடைமுறையில் சில இடங்களில் பக்தி எல்லை மீறுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பேழையைக் கண்டுகொள்ளாமல் சுரூபத்தின் முன் மட்டும் நின்றுவிட்டுத் திரும்புகிறவரின் செயல் திருச்சபையின் போதனை ஆகிவிடாது.

செபமாலை என்பது ஒரே செபத்தை மீண்டும் மீண்டும் சொல்வதுதானே?

உதடு சொல்வது ‘அருள்நிறைந்த மரியே’. மனம் நிற்க வேண்டியது இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியில். பத்து மணிகளுக்கு ஒரு நிகழ்ச்சி, ஒரு நாளைக்கு ஐந்து. மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று வரிசைகள் மூன்றாக இருந்தவை, 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்ததால் நான்காயின. இது பக்தி முயற்சி; கடமை அன்று.

இறந்தவர்களுக்காக ஏன் செபிக்கிறார்கள்? உடலை எரிக்கலாமா?

கடவுளின் அருளில் இறந்தும் முற்றும் தூய்மை அடையாதவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறுகிறார்கள் என்பது நம்பிக்கை. அந்நிலையை ‘உத்தரிக்கிற தலம்’ என்பார்கள்; நரகத்துக்கும் விண்ணகத்துக்கும் நடுவே இருக்கும் மூன்றாம் முடிவு அன்று அது, அங்கிருப்போர் அனைவரும் விண்ணகம் சேர்வது உறுதி. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நவம்பர் 2 அவர்களுக்கான சிறப்பு நாள். எரிப்பதற்கு 1963 முதல் இசைவு உண்டு. ஆனால் அடக்கமே விரும்பத்தக்கது. சாம்பலைத் தூவுவதையும் பங்கிட்டு எடுத்துச் செல்வதையும் 2016-இல் வந்த அறிவுரை ஏற்கவில்லை. புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது.

திருப்பலிக் கருத்துக்குப் பணம் கொடுப்பது, திருப்பலியை விலைக்கு வாங்குவது ஆகாதா?

கொடுப்பது காணிக்கை. வணிகத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. காணிக்கை தர இயலாதவரின் கருத்துக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி குருக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

திருத்தந்தை தவறே செய்யமாட்டார் என்று நம்புகிறார்களா?

இல்லை. அவரும் ஒப்புரவு பெறுகிறவர். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது மிகக் குறுகிய ஒன்றை: விசுவாசம் அல்லது ஒழுக்கம் குறித்த ஒரு கோட்பாட்டைத் திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டியதாக, தம் உச்ச அதிகாரத்தோடு அவர் முறைப்படி அறிவிக்கும்போது, அந்த அறிவிப்பு தவறாது. அதன்பின் அவ்வகையில் அறிவிக்கப்பட்டது 1950-இன் விண்ணேற்புக் கோட்பாடு. விமானத்தில் செய்தியாளர்களுக்கு அவர் தரும் பதில்களுக்கும் வானிலை பற்றிய கருத்துக்கும் அந்தக் காப்பு இல்லை. 2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்ந்தெடுப்பவர்கள் 80 வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள், அதாவது திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் உள்ள திருச்சபைத் தலைவர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

குருக்கள் மணம் செய்யாதது ஏன்? பெண்கள் ஏன் குருக்களாவதில்லை?

இரண்டும் ஒரே கேள்வியைப் போலத் தெரியும், எடையில் வேறானவை. மணமாகாமை இலத்தீன் திருச்சபையின் ஒழுங்குமுறை. கிழக்கத்தியக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் குருக்களாகிறார்கள். இலத்தீன் முறையிலும் மணமான திருத்தொண்டர்கள் (குருவுக்கு முந்தைய நிலைப் பணியாளர்கள்) உண்டு. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். கிறிஸ்து தேர்ந்த பன்னிருவரும் ஆண்கள் என்பதும் தொடர்ந்து வந்த மரபும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. முதலாவது மாறலாம்; இரண்டாவது மாறாது என்பதே திருச்சபையின் நிலைப்பாடு. இதை ஏற்காமல் விவாதிக்கிற கத்தோலிக்கரும் இருக்கிறார்கள்.

தவக்காலத்தில் என்ன செய்கிறார்கள்?

தவக்காலம் என்பது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தயாரிப்புக் காலம். அதன் தொடக்கமான திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசப்படும். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த ஓலைகளை எரித்த சாம்பல் அது. அன்றிலிருந்து புனித சனி வரை 46 நாள்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது முடியும்வரை திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் நோன்பிருக்க வேண்டும்: ஒரு முழு உணவு, தேவையானால் இரண்டு சிறு உணவுகள். அவ்விரு நாள்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் 14 வயதுக்கு மேற்பட்டோர் இறைச்சி உண்பதில்லை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

புனித வெள்ளியன்று உலகில் எங்கும் திருப்பலி இல்லை. பீடம் வெறுமையாக இருக்கும், பேழை திறந்து காலியாக இருக்கும். ஒரு கோவிலை அன்று பார்த்துவிட்டு மறுநாள் இரவு, இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்புக்கு மீண்டும் வந்தால், விளக்கவுரை ஏதும் தேவைப்படாது.

கத்தோலிக்கரை மணக்க நானும் கத்தோலிக்கராக வேண்டுமா? மணமுறிவு பெற்றவர்களின் நிலை என்ன?

மாற வேண்டியதில்லை. மணமகனோ மணமகளோ திருமுழுக்குப் பெற்ற பிற சபையினர் என்றால் ஆயரின் அனுமதியும், திருமுழுக்குப் பெறாதவர் என்றால் விதிவிலக்கும் பெற வேண்டும். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குத் தந்து கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கர் வாக்குறுதி தருகிறார். துணைவரிடம் வாக்குறுதி கேட்பதில்லை, விவரம் தெரிவிக்கிறார்கள். இதைத் திருமண நாளுக்கு முந்தைய வாரம் தெரிந்துகொள்ளாமல், பேச்சின் தொடக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

செல்லுபடியான, நிறைவுற்ற கிறிஸ்தவத் திருமணத்தை முறிக்க எந்த அதிகாரத்தாலும் முடியாது என்பது போதனை. ஆனால் தொடக்கத்திலேயே அது செல்லுபடியாகாமல் இருந்ததா, அதாவது கட்டாயம், ஏமாற்று, அடிப்படைக் கடமைகளை ஏற்க இயலாமை போன்றவை இருந்தனவா என்று திருச்சபை நீதிமன்றம் ஆராயலாம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்நடைமுறையை எளிதாக்கி, இரண்டாவது தீர்ப்பு கட்டாயம் என்ற விதியை நீக்கினார். செல்லாது என்று தீர்ப்பானாலும் பிள்ளைகளின் சட்டப்படியான நிலை பாதிக்கப்படாது. குடிமைச் சட்டப்படி மணமுறிவு பெற்றதாலேயே ஒருவர் நற்கருணைக்கு விலக்கப்படுவதில்லை. சிக்கல் எழுவது, அத்தகைய தீர்ப்பின்றி மறுமணம் செய்யும்போதுதான்.

கத்தோலிக்கராக விரும்பினால் எங்கே தொடங்குவது?

அருகிலுள்ள பங்கின் குருவானவரைச் சந்தித்துப் பேசுங்கள். அன்றே திருமுழுக்குக் கொடுத்துவிட மாட்டார்; கொடுக்கவும் கூடாது. தொடக்கத் திருச்சபையின் வழக்கத்தைப் பின்பற்றி 1972-இல் வெளிவந்த வயதுவந்தோர் புகுமுகச் சடங்கின்படி, கேட்டறியும் காலம், மறைக்கல்வியும் செபமும் கொண்ட புகுமுக நிலை, தவக்காலத்தில் இறுதித் தயாரிப்பு என்று படிப்படியாக அழைத்துச் செல்வார்கள். மாதக் கணக்கில் ஆகும், ஆண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். ஞாயிறு திருப்பலிக்கு வர எந்தச் சேர்க்கையும் தேவையில்லை.

நிறைவு பாஸ்கா திருவிழிப்பில். கோவிலுக்கு வெளியே இருளில் தீ மூட்டி, ஆண்டின் நான்கு இலக்கங்களும் பொறித்த பாஸ்கா திரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து ஏற்றுவார்கள். விளக்கில்லாத கோவிலுக்குள் அந்த ஒரு சுடர் நுழையும், அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் பரவும். அந்த இரவிலேயே திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்படும்.

நான் வேறு சபையில் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருக்கிறேன். மீண்டும் பெற வேண்டுமா?

தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லி வழங்கப்பட்டிருந்தால் அது செல்லும், மீண்டும் தரமாட்டார்கள். அதற்கான சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். ஒப்புரவு பெற்று, விசுவாசத்தை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுவீர்கள். அதற்குப் பாஸ்கா இரவுவரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.